வேண்டுதலும் சான்றும்: அகநானூறு முதல் மெய்கண்ட நூல்கள் வரை

முன்னுரை

இறைவனிடம் வழி கேட்பதும், கேட்டது கிடைத்தபின் அதனையே இறைவனின் உண்மைக்கும் ஆற்றலுக்கும் சான்றாகக் காட்டுவதும் தமிழர் சமய வாழ்வில் நெடுங்கால வழக்கங்கள் ஆகும். அவ்வழக்கங்களை அருகிருந்து நோக்குதற்குப் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை தென்மாவட்டத்திலுள்ள சிம்பாங் அம்பாட் வட்டாரம் ஏற்ற இடமாகும். அம்மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். ஒரு காலத்தில் தோட்டங்களால் சூழப்பட்டிருந்த இவ்வட்டாரத்தில், 2014ஆம் ஆண்டு இரண்டாம் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், அண்மையிலுள்ள பத்து காவான் பகுதியை ஒட்டித் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகியுள்ளன. தோட்டங்கள் சுருங்கினும் தோட்டப்புறக் கோயில் வழிபாட்டின் பழக்கங்கள் மக்களோடு குடிபெயர்ந்து வந்துள்ளன.

திருமணம் பேசுதல், வீடு வாங்குதல், அறுவை மருத்துவத்திற்கு உடன்படுதல் முதலிய பொழுதுகளில் பூக்கட்டிப் பார்ப்போர் இன்றும் உளர். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டித் தெய்வத்தின் முன் இட்டு, ஒரு குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்வர். எடுத்த பூவே தெய்வத்தின் விடை எனப்படும். தைப்பூசத்தன்று ஜார்ஜ்டவுன் தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும் காவடிகளுள் பல, கேட்டது கிடைத்தமைக்குச் செலுத்தும் நேர்த்திக்கடன்களே. புக்கிட் மெர்தாஜாமில், 2019ஆம் ஆண்டு சிறு பசிலிக்கா என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்ட புனித அன்னாள் தேவாலயத்திற்கு, ஜூலை மாதத் திருவிழாவின்போது பல இனத்தவரும் வேண்டுதலோடு வருகின்றனர். சீனக் கோயில்களிலோ மூங்கில் குழலைக் குலுக்கி எண்ணிட்ட குச்சியை விழச்செய்து வழி கேட்கின்றனர். இடமும் தெய்வமும் வேறாயினும் வழிபடுவோர் நாவில் எழும் வாதம் ஒன்றுதான்: ‘வேண்டினோம், நடந்தது, ஆதலின் இத்தெய்வம் மெய்.’

இவ்வாதம் எத்துணை வலிமையுடையது என்பதை இக்கட்டுரை தமிழ் இலக்கிய மரபின் உள்ளிருந்தே ஆராய முற்படுகிறது. கேட்டது கிடைத்தலைச் சான்றாகக் கொள்வதற்குத் தமிழ் மரபு தொன்றுதொட்டே தயங்கியுள்ளது என்பதும், சைவ சித்தாந்தம் இறைவனின் உண்மையை நிறுவ அதனைச் சான்றாக நாடவில்லை என்பதும் நமது கருத்து. இறைநம்பிக்கையை மறுப்பது நமது நோக்கமன்று. நம்பிக்கைக்கு எதனை அடித்தளமாக மாணவர்க்குக் காட்டுகிறோம் என்பதே இங்கு எழும் வினா.

வேலன் பெற்ற பெயர்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு தெய்வத்திடம் வழி கேட்கும் சடங்காக அமைகிறது. தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கிட்டுப் பார்த்து, ‘இது முருகனால் வந்தது’ என்கிறான். தலைவியும் தோழியுமோ உண்மைக் காரணம் தலைவன் மேற்கொண்ட காதல் என்பதை அறிவர். இம்முரணைப் பாடிய புலவர் பலர். நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி, தன்னால் வந்த நோயன்று என்பதை அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் எனக் கடிந்து கொள்கிறாள்.

அகநானூற்றின் 22ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இதனைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். நெடுவேளை வழிபட்டால் நோய் தணியும் என்று முதுபெண்டிர் கூறுகின்றனர். களம் அமைக்கப்படுகிறது, பாட்டு ஒலிக்கிறது, பலியும் கொடுக்கப்படுகிறது. அதே இரவில், காவலர் அறியாது இரைதேடி வரும் புலியைப் போலத் தலைவன் மறைந்து வந்து தலைவியைத் தழுவுகிறான். அவள் நோய் நீங்குகிறது. நோய் தணித்தவன் தலைவன். பெயர் பெற்றவனோ தொடர்பில்லாத வேலன். இதனை எண்ணித் தலைவி தனக்குள் நகைத்துக் கொள்கிறாள்.

இந்நகை நமது ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. அவ்வூரார் கண்ணால் கண்டவற்றுள் பொய் ஏதுமில்லை. வேண்டுதல் நடந்தது உண்மை. நோய் தீர்ந்ததும் உண்மை. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்ததும் உண்மை. இரண்டனுக்கும் இடையே அவர்கள் இட்ட பாலம் மட்டுமே பிழையானது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக நிகழ்ச்சிகளின் உடனிகழ்வைக் காரண காரியமாகக் கருதும் தவற்றைப் பெண்பாற் புலவர் ஒருவர் ஒரு சிரிப்பினால் வெளிப்படுத்திவிட்டார். முருகன் இல்லை என்று அப்பாடல் கூறவில்லை என்பதும் நோக்கத்தக்கது. ‘இந்நிகழ்ச்சி முருகனுக்குச் சான்றாகாது’ என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. நம்பிக்கையையும் சான்றையும் பிரித்துப் பார்க்கும் நுண்மை இதில் உண்டு.

முல்லைப்பாட்டில் இடம்பெறும் விரிச்சியும் இவ்வாறே ஆராயத்தக்கது. முதுபெண்டிர் நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தொழுது, பிறர் தற்செயலாய்ப் பேசும் நற்சொல்லைக் கேட்க நிற்கின்றனர். கன்றுகளை நோக்கி, ‘உம் தாயர் இன்னே வருவர்’ என்னும் கருத்துப்பட ஆய்மகள் ஒருத்தி கூறும் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அதனைத் தலைவியிடம் உரைத்து ஆற்றுவிக்க முயல்கின்றனர். அவள் கண்ணீர் நிற்கவில்லை. பாட்டின் இறுதியில் தலைவன் வருகிறான். எனினும் புலவர் நப்பூதனார் விரிச்சி பலித்தது என்று ஒரு சொல்லும் கூறவில்லை. தலைவனின் வருகை போரில் பெற்ற வெற்றியின் தொடர்ச்சியாகவே காட்டப்படுகிறது. நற்சொல் ஆறுதலாகிறது, அதனைச் சான்றாக உயர்த்த வேண்டிய தேவை புலவருக்கு நேரவில்லை.

மதுரையில் நடந்த வாதம்

சங்க இலக்கியம் காட்டும் இத்தயக்கத்திற்கு மாறான நிலையைப் பக்தி இலக்கியம் காட்டுகிறது என்று ஒருவர் கூறலாம். கூற்று பொருத்தமானதே. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் வரலாற்றை, பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும்போது, விடை பெற்ற வேண்டுதல் வெளிப்படையான சான்றாகவே நிறுத்தப்படுகிறது. பாண்டியனின் வெப்புநோய் ஒரு சோதனை. தீயிலிட்ட ஏடு வேகாமை இரண்டாம் சோதனை. வையை ஆற்றில் இட்ட ஏடு நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் ஒதுங்குதல் மூன்றாம் சோதனை. ஒவ்வொன்றிலும் இரு தரப்பாரும் ஒரே அளவுகோலை ஏற்றுக் களமிறங்குகின்றனர். எவருடைய வேண்டுதல் பலிக்கிறதோ அவருடைய சமயமே மெய் என்பது அவ்வளவுகோல்.

பலித்த வேண்டுதலைச் சமயத்தின் சான்றாக ஏற்றுவிட்டால் அதன் மறுதலையையும் ஏற்றாக வேண்டும். பலிக்காத வேண்டுதல் அச்சமயத்தின் பொய்மைக்குச் சான்றாகிவிடும். தோற்றவரை வேந்தன் கழுவேற்றலாம் எனச் சமணர் இசைந்ததாகவும், எண்ணாயிரவர் கழுவேறியதாகவும் புராணம் கூறுகிறது. இது வரலாற்று நிகழ்ச்சிதானா என்பது ஆய்வாளரிடையே விவாதத்திற்குரியது. நாம் இங்குக் கருதுவது கதையின் தருக்கத்தையே. சான்றாக்கப்பட்ட வேண்டுதல் விடை பெற்றவரைப் போற்றுவதோடு நிற்பதில்லை. விடை பெறாதவரைக் குற்றவாளியாக்குகிறது. கழுமரம் மறைந்த காலத்திலும் இத்தருக்கம் மறையவில்லை. குழந்தைப்பேறு வாய்க்காத பெண்ணிடமும், நோயிலிருந்து மீளாதவரின் குடும்பத்தாரிடமும் ‘நீங்கள் மனமுருகி வேண்டியிருக்க மாட்டீர்கள்’ என்று கூறப்படும் சொல் அதன் எச்சமே ஆகும்.

அச்சுத களப்பாளரின் மறுமொழி

மெய்கண்டாரின் பிறப்பைப் பற்றிச் சைவ மரபு வழங்கும் வரலாறு இச்சிக்கலுக்கு வேறொரு வழி காட்டுகிறது. பெண்ணாகடத்து வேளாளரான அச்சுத களப்பாளருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அவர் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை நாடினார். குரு திருமுறைச் சுவடியை வழிபட்டுக் கயிறு சாத்திப் பார்த்தார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் கிடைத்தது. அத்தலத்து முக்குளத்தில் நீராடி வழிபடுவோர்க்குப் பிள்ளைப்பேறு உண்டு எனக் கூறும் பாடல் அதில் அமைந்திருந்தது. கயிறு சாத்திப் பார்த்தலும் பூக்கட்டிப் பார்த்தலும் செயல்முறையால் ஒரு தன்மையனவே.

கணவனும் மனைவியும் திருவெண்காடு சென்று நீராடி வழிபட்டனர். ஆயினும் கனவில் இறைவன் கூறிய விடை, ‘இப்பிறவியில் உங்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை’ என்பதாகும். அச்சுத களப்பாளர், தாம் சம்பந்தரின் வாக்கை நம்பி வந்ததாகவும், இப்பிறவியில் இல்லையேல் மறுபிறவியிலேனும் அது கூடட்டும் என்றும் மொழிந்தார். அதன்பின்னரே பேறு அருளப்பட்டது. பிறந்த மகவு திருவெண்காட்டின் பெயரால் சுவேதவனப் பெருமாள் எனப்பட்டது. அப்பிள்ளையே பின்னர்ப் பரஞ்சோதி முனிவரின் அருளால் மெய்கண்டார் ஆனார். குலகுருவான சகலாகம பண்டிதரோ அப்பிள்ளைக்கே மாணாக்கராகி, அருணந்தி சிவாசாரியார் எனப் பெயர் பெற்றார்.

இவ்வரலாற்றையும் நாம் நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்ளவில்லை. ஒரு மரபு தன் முதலாசிரியரின் பிறப்பைச் சொல்லும்போது எதனை முதன்மைப்படுத்துகிறது என்பதே நமக்கு வேண்டுவது. பேறு கிடைத்தது என்ற முடிவைவிட, பேறு மறுக்கப்பட்ட கணத்தில் தந்தை கூறிய மறுமொழியே கதையின் உயிர்நிலையாக வைக்கப்பட்டுள்ளது. அவர் நம்பிக்கை விளைவுக்கு முந்தியது. விளைவு மறுக்கப்பட்ட பின்னும் மாறாதது. அளவை நூலின் மொழியில் கூறின், அவர் பற்றுக்கோடு சம்பந்தரின் வாக்காகிய உரையளவை. கேட்டது கிடைத்தது என்பதிலிருந்து பின்னோக்கிச் செய்த அனுமானம் அன்று.

சான்றின் இயலும் பயனின் இயலும்

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. வேண்டுதலின் விடையாகப் பிறந்தவர் என மரபு போற்றும் மெய்கண்டார், சிவஞானபோதத்தில் இறைவன் உண்மையை நிறுவ முற்படும்போது தம் பிறப்பையோ வேறெந்த வேண்டுதலின் பயனையோ சான்றாகக் காட்டவில்லை. பன்னிரண்டு நூற்பாக்களால் ஆன அந்நூலின் முதல் நூற்பா, ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குதலிலிருந்து அதற்கு ஒரு முதல்வன் உளன் என்று கருதி உணர்கிறது. அனைவர்க்கும் பொதுவான உலகமே அங்குச் சான்றாகிறது. ஒருவர்க்கு வாய்த்துப் பிறர்க்கு வாய்க்காத பேறுகளுக்கு அங்கு இடமில்லை.

உரைமரபு அந்நூலைப் பிரமாண இயல், இலக்கண இயல், சாதன இயல், பயன் இயல் என மும்மூன்று நூற்பாக்களாக வகுக்கும். சான்று முதலிலும் பயன் இறுதியிலும் வைக்கப்பட்டுள்ளன. அப்பயனும் மலம் நீங்குதல், அயரா அன்பினால் இறைவன் திருவடியை அடைதல், அடியாரொடு கூடி வழிபடுதல் என்பனவே. பயனைச் சான்றின் இயலில் கலவாத இவ்வமைப்பு நம் ஆழ்ந்த கவனத்திற்குரியது.

அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவை இலக்கணத்தோடு தொடங்குகிறது. அளவைகள் பத்து என்பாரும் உளராயினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. அவ்வாறு அடக்கப்பட்டவற்றுள் ஒன்று ஐதிகம், அதாவது வழிவழியாகச் சொல்லப்படுவது. ‘இம்மரத்தில் பேய் உண்டு’ என ஊரார் கூறுவதை நம்புதலை மணிமேகலை அதற்கு எடுத்துக்காட்டாகத் தரும்.

‘கேட்டது நடந்தது, ஆதலின் இத்தெய்வம் தந்தது’ என்பதைக் கருதலளவையால் சோதிப்போம். புகையைக் கொண்டு மலையில் தீ உண்டு எனத் துணிதற்குப் புகையும் தீயும் உடனுள்ள அடுக்களை சபக்கம் ஆகும். இரண்டும் இல்லாத நீர்நிலை விபக்கம் ஆகும். விபக்கத்தில் ஏது காணப்படுமாயின் அனுமானம் வீழும். ‘கேட்டது நடத்தல்’ என்னும் ஏது, கேட்கப்பட்ட தெய்வம் செயற்படாத இடத்திலும் காணப்படுகிறதா? அகநானூற்றுத் தலைவியின் நகை இதற்கு விடை தருகிறது. தணிந்த அவள் நோய் நீர்நிலையில் எழுந்த புகை. தண்ணீர்மலையிலும் புனித அன்னாள் ஆலயத்திலும் சீனக் கோயிலிலும் ஒரே வகையான வேண்டுதல்கள் பலித்ததாகக் கூறப்படுகின்றன. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பலனை மட்டும் சான்றாகவும் பிறருடையதைத் தற்செயலாகவும் கொள்வரேல் அது நடுநிலை ஆகாது.

பிற நாட்டார் கண்டவை

இச்சிந்தனை தமிழுக்கு மட்டும் உரியதன்று. கடற்புயலில் தப்பியோர் கோயிலில் மாட்டிய நன்றிப் படங்களைக் காட்டித் தெய்வங்களின் அருளை வற்புறுத்திய நண்பரிடம், மூழ்கி இறந்தோரின் படங்கள் எங்கே என்னும் கருத்தில் கிரேக்கரான டயாகோரஸ் வினவியதாக உரோமானிய அறிஞர் சிசரோ எழுதியுள்ளார். காவடி எடுப்போரை நாம் காண்கிறோம். வேண்டியும் பெறாது வீட்டிலேயே இருந்துவிட்டோரை எண்ணுவதில்லை.

1872இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் கால்டன், நாடெங்கும் நலம் வேண்டிப் பிரார்த்திக்கப்படும் அரச குடும்பத்தினர் பிற உயர்குடியினரைவிட நீண்டநாள் வாழவில்லை எனக் கணக்கிட்டுக் காட்டினார். 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளரை உள்ளடக்கியது. பிரார்த்தனை நடப்பது உறுதியாகத் தெரியாத நிலையில் பிரார்த்திக்கப்பட்டவருள் 52 விழுக்காட்டினருக்கும், பிரார்த்திக்கப்படாதவருள் 51 விழுக்காட்டினருக்கும் அறுவைக்குப்பின் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்தவரிடையே அது 59 விழுக்காடாக இருந்தது.

இறைவனைச் சோதனைக் கூடத்தில் நிறுத்தலாகாது என்று நம்பிக்கையாளர் மறுக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆயின் அது இருபுறமும் கூருடைய வாள். பலிக்காமை இறைவனை மறுக்கப் போதாது எனின், பலித்தல் அவனை நிறுவவும் போதாது. வென்றால் சான்று, தோற்றால் திருவுளம் என்பது வாதமாகாது.

பதிகங்களும் பலன் பட்டியலும்

திருமண்தடை நீங்க ஒரு பதிகம், தேர்வில் வெல்ல ஒரு பதிகம், கடன் தீர ஒரு பதிகம் எனப் பட்டியலிடும் சிறு நூல்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. அவை திருமுறையை வீடுதோறும் கொண்டு சேர்த்தமையை மறுத்தற்கில்லை. பதிகங்களின் திருக்கடைக்காப்பே பயன் கூறுகிறதே என்னும் வாதமும் உண்டு. அப்பயன்களுள் உலகியல் நலன்கள் இடம்பெறுவதும் உண்மையே. எனினும் வினை நீங்குதலும் இறைவனை அடைதலும் அங்கு மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. பட்டியல் நூல்களோ இவற்றை ஒதுக்கிவிட்டு, பாடலை மருந்துச் சீட்டாக மாற்றிவிடுகின்றன.

கோளறு பதிகத்தை எடுத்துக்கொள்வோம். சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றல்ல என நாவுக்கரசர் தடுத்ததாகவும், அதற்கு மறுமொழியாக இப்பதிகம் எழுந்ததாகவும் பெரியபுராணம் கூறும். பதிகத்தில் கோள்களை மாற்றுமாறு கேட்கும் விண்ணப்பம் இல்லை. உள்ளத்தில் இறைவன் இருத்தலால் அவை நல்லனவே என்னும் துணிவு உள்ளது. விளைவைக் காணும் முன்னரே பாடப்பட்டது அது. அச்சத்தை வென்ற மனத்தின் பாடலை, அச்சத்தினால் ஓதும் பரிகாரமாக்குவது பொருள் திரிபு என்றே நாம் கருதுகிறோம்.

வகுப்பறையில் இதன் விளைவு கண்கூடு. பதிகம் ஓதியும் தேர்வில் தவறிய மாணவன் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்குத் தள்ளப்படுகிறான். பதிகம் பொய் என்பது ஒன்று. தன் அன்பு பொய் என்பது மற்றொன்று. முன்னது அவனைத் திருமுறையிலிருந்து அகற்றுகிறது; பின்னது அவனைத் தன்னிடமிருந்தே அகற்றுகிறது. இரண்டும் நாம் அவனுக்குத் தந்த தவறான அளவுகோலின் விளைவுகள்.

முடிவுரை

அவ்வாறாயின் கேட்டது கிடைத்தோர் அடையும் மெய்சிலிர்ப்பு பொருளற்றதா? அன்று. சித்தியார் காட்சியளவையை நான்காகப் பகுக்கும்போது தன்வேதனைக் காட்சி என ஒன்றைக் கூறும். இன்ப துன்பங்களை உயிர் தானே அனுபவித்து உணர்தல் அது. வேண்டுதல் நிறைவேறியவரின் நன்றியுணர்வு அவருக்கு மெய்யான அனுபவம். அதனால் அவர் காவடி எடுப்பதும், அறம் செய்வதும், வாழ்வைத் திருத்திக்கொள்வதும் பொருத்தமே. அவ்வனுபவத்தைப் பிறரை ஒப்பவைக்கும் சான்றாகவோ பிறரை அளக்கும் கோலாகவோ நீட்டும்போது மட்டும் அளவை பிழைக்கிறது.

வழி கேட்டலுக்கும் இதே வரம்பு பொருந்தும். ஒத்த இரு வழிகளுள் ஒன்றைத் தேர வேண்டிய இடத்தில் பூக்கட்டிப் பார்த்தல் மனத்தின் அலைச்சலை நிறுத்தலாம். குடும்பத்தின் பிணக்கையும் தீர்க்கலாம். மருத்துவரின் ஆய்வு விடை கூறியிருக்கும் இடத்தில் பூவின் நிறத்தை அதற்கு மேலாக வைத்தல் உயிருக்கே ஊறு செய்யும். காட்சியும் கருதலும் எட்டும் பொருளில் அவற்றை விலக்கிவிட்டுச் சீட்டை நாடுவது சித்தாந்த நெறிக்கும் உடன்பாடன்று.

திருமுறையும் பெரியபுராணமும் கற்பிக்கும் ஆசிரியர்கள், பலித்த கதைகளோடு அச்சுத களப்பாளர் கண்ட கனவின் முதற்பகுதியையும் சொல்லிக்கொடுத்தல் நன்று. ‘இல்லை’ என்ற விடை கேட்ட பின்னும் நிலைத்த அன்பை அறிந்த மாணவன், தான் வேண்டியது கிடைக்காத நாளிலும் இறைவனையோ தன்னையோ இகழ வேண்டிய நிலைக்கு ஆளாக மாட்டான். வெறிபாடிய காமக்கண்ணியாரின் நகையையும் அவனுக்குக் கற்பிப்போமாயின், பிறர் வேண்டுதலை அளந்து பார்க்கும் துணிவும் அவனுக்கு எழாது.